104 வந்த பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள், 100.6 இருந்த அப்பாவை அட்மிட் செய்தார்கள். அப்படியானால் எந்த எண்ணுக்குக் கிளம்புவது?

தூக்கம்போச்சு கேட்டது:

ஒரே மாதத்தில் வீட்டில் இரண்டு காய்ச்சல். இரண்டும் சரியாகி எல்லோரும் நலம். அதனால் நிதானமாகவே கேட்கிறேன்.

முதலில் பையன். நான்கு வயது. சாயங்காலம் வரை ஆட்டம் போட்டவன், படுக்கப் போகும்போது அனலாய்க் கொதித்தான். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 104. அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் காது, தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாம் பார்த்தார். தாடை நெஞ்சில் படும்படி குனியச் சொன்னார். பாராசிட்டமால் கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். துரை அதற்குள் டாக்டர் மேசையில் இருந்த டார்ச்சை எடுத்து ஏற்றி ஏற்றி அணைக்க ஆரம்பித்துவிட்டார். "வைரஸ் காய்ச்சல் மாதிரிதான் இருக்கிறது, வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி, எதற்கெல்லாம் திரும்பி வர வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்புறம் அப்பா. 76 வயது, சர்க்கரை உண்டு. காய்ச்சல் என்று பார்த்தால் 100.6 தான். பெரிதாக எந்தப் புகாரும் சொல்லவில்லை. ஆனால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் மனைவிதான் "மாமா மூச்சு விடுறது சரியில்லைங்க, கிளம்புங்க" என்றாள். போனவுடன் வரிசையில் நிற்க வைக்காமல் நேரே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நிமோனியா. தொற்று ரத்தம் வரைக்கும் போய்விட்டது என்றார்கள்.

எனக்குத் தலை சுற்றுகிறது. 104 சாதாரணம், 100.6 ஆபத்து என்றால் தெர்மாமீட்டர் எதற்கு? எத்தனை டிகிரி வந்தால் கிளம்ப வேண்டும் என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். அம்மா வேறு "102 தாண்டினா மூளைக்கு ஏறிடும்" என்று பயமுறுத்துகிறாள். அது நிஜமா?


இரவுப்பணி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று பிரிக்கிற நர்ஸ் நான். பெரும்பாலும் இரவு ஷிப்ட். உங்கள் அப்பா மாதிரி ஒருவர் வந்தால் நானும் வரிசையை மீறித்தான் அனுப்பியிருப்பேன். உங்கள் பையனை உட்காரச் சொல்லியிருப்பேன்.

எண் மட்டுமே முடிவு செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே கிளம்ப வேண்டியதுதான். குழந்தை சிரித்தாலும் சரி, பால் குடித்தாலும் சரி, நேரம் நடு ராத்திரியாக இருந்தாலும் சரி. அந்த வயதில் பெரிய தொற்றும் அடக்கமாகவே இருக்கும், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எங்களாலேயே முடியாது. கீமோதெரபியில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், மண்ணீரல் எடுக்கப்பட்டவர், நாள்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோருக்கும் அதே 100.4 தான். கர்ப்பிணிகளும் பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களும் அன்றைக்கே காட்ட வேண்டும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 102.2 வந்தால் அன்றே. யாராக இருந்தாலும் 105.8, அதாவது 41 செல்சியஸ் தொட்டால் யோசிக்காமல் அவசரப் பிரிவு.

மற்றவர்களுக்கு எண் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். கிருமி உள்ளே வந்ததும் மூளையின் அடியில் இருக்கிற ஹைப்போதாலமஸ் உடம்பின் சூட்டை வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறது. ஏசி ரிமோட்டில் யாரோ எண்ணை மாற்றி வைத்த மாதிரி. புதிய எண்ணை எட்டும் வரை உடம்பு தன்னைக் குளிர்ந்ததாகவே நினைக்கும், அதனால்தான் கொதிக்கிற பிள்ளை நடுங்குகிறது, கை கால் சில்லென்று இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றத்துக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. தொற்றினால் வரும் காய்ச்சல் 106க்கு மேல் போவது அபூர்வம். சூடு மட்டுமே மூளையைக் கெடுக்க வேண்டும் என்றால் 107.6க்கு மேல் போக வேண்டும். ஆகவே 102 மூளைக்கு ஏறாது. காய்ச்சலைக் கொண்டுவந்த நோய் மூளையைத் தொடலாம், மூளைக்காய்ச்சல் அப்படித்தான். அது 101லும் வரும்.

வாசலில் நான் என்ன பார்க்கிறேன் என்று கேட்டால், மூச்சை. சட்டையைத் தூக்கிவிட்டுத்தான் பார்ப்பேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறதா, மூக்கு விடைக்கிறதா, மூச்சு விடும்போது முனகல் வருகிறதா. எண்ணுவதென்றால் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், குழந்தை அழாமல் இருக்கும்போது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது. காய்ச்சலே மூச்சைக் கொஞ்சம் வேகப்படுத்தும் என்பதால் சூடு தணிந்த பிறகும் ஒரு முறை எண்ணுங்கள். தோல் குழிந்தாலோ முனகல் வந்தாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்று மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு.

அடுத்தது ஆள் தெளிவாக இருக்கிறாரா என்பது. பெரியவர்களிடம் "இன்னிக்கு என்ன கிழமை, இவங்க யாரு" என்று கேட்டாலே போதும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் ஏறுகிற சக்தியே குறைந்துவிடும். பெரிய தொற்றுக்கும் 100ஐச் சுற்றித்தான் காட்டும், சிலருக்கு உடம்பு சில்லிட்டுக்கூடப் போகும். அவர்களிடம் தெர்மாமீட்டருக்கு முன்னால் குழப்பம்தான் ஏறும். தலைகீழ் பேப்பர் அப்படிப்பட்ட ஓர் அறிகுறி. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

குழந்தையானால் கண்ணைப் பார்க்கிறதா, வேண்டியவர்கள் தூக்கினால் அழுகை அடங்குகிறதா, எழுப்பினால் எழுந்து விழித்திருக்கிறதா. அழுது அழுது ஓய்ந்து, எதுவும் வேண்டாம் என்று துவண்டு கிடக்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். கத்துகிற பிள்ளைக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்றாவது தெரியும்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வைக்கிற மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். உதடு நீலமாவது, தோல் திட்டுத் திட்டாக வெளிறுவது, கழுத்தை வளைக்க முடியாமல் தலைவலி, வெளிச்சம் கண்ணைக் குத்துவது, பேச்சு குழறுவது. ஒரு கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். கறுத்த தோலில் இந்தப் புள்ளிகள் சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம் பாருங்கள். சிறுநீரும் முக்கியம். எட்டு மணி நேரமாகக் குழந்தை ஒன்றுக்குப் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள், டாக்டரிடம் போங்கள்.

இவை எதுவும் இல்லாத காய்ச்சலுக்கு நேரம் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்டது என்றால் ஒரு நாள், மேற்பட்டது என்றால் மூன்று நாள். அதையும் தாண்டினால் காட்டுங்கள். பெரியவர்களுக்கு 103 வந்தால் மூன்று நாள் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.


தூக்கம்போச்சு எழுதியது:

ரொம்ப நன்றி சிஸ்டர். ஒன்று கேட்கணும். பையன் மருந்து கொடுத்ததும் விளையாடினான் என்பதால்தான் டாக்டர் அனுப்பினாரா? அப்படியென்றால் மருந்துக்கு இறங்கினால் சாதாரணம், இறங்காவிட்டால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், ஈரத்துணி போட்டுத் துடைக்கலாமா? ஐஸ் வைக்கச் சொல்லி ஒரு பக்கம், வைக்கவே கூடாது என்று ஒரு பக்கம்.


இரவுப்பணி எழுதியது:

வைத்துக்கொள்ளக் கூடாது. மூளைக்காய்ச்சலும் பாராசிட்டமாலுக்கு இறங்கும், சாதாரண வைரஸ் காய்ச்சலும் இறங்காமல் முரண்டு பிடிக்கும். இறங்கியதா என்பதைவிட, இறங்கின நேரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். டாக்டரும் டார்ச்சை மட்டும் பார்த்து அனுப்பவில்லை. கழுத்தைக் குனிய வைத்தார், நெஞ்சைக் கேட்டார், வயிற்றைப் பார்த்தார். டார்ச் கடைசி மார்க்.

ஐஸ் வேண்டாம், குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வைத்துத் துடைப்பது கூடவே கூடாது. குளிர் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பிள்ளை நடுங்கும், நடுக்கமே சூட்டை ஏற்றும். ஸ்பிரிட் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் விஷமாகும். வெதுவெதுப்பான துணியில் துடைத்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிள்ளைக்குப் பிடித்தால் செய்யலாம், கத்தினால் விட்டுவிடுங்கள். போர்வைக்கு மேல் போர்வை போட்டு மூடாதீர்கள், ஒரு மெல்லிய துணி போதும். அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். தூங்குகிற பிள்ளையைத் தெர்மாமீட்டர் வைக்கவென்று எழுப்பாதீர்கள். ஆனால் மூச்சும் நிறமும் எப்படி இருக்கிறது என்று ராத்திரி ஒன்றிரண்டு முறை எழுந்து பாருங்கள்.


மாத்திரைசீட்டு எழுதியது:

மருந்துக் கடை அனுபவத்தில் ஒரு விஷயம். "எவ்வளவு கொடுத்தீங்க" என்று கேட்டால் பாதிப் பேர் "ஒரு மூடி" என்கிறார்கள். மூடிக் கணக்கு ஆபத்து. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் வருகிறது, 250 மி.கி. உள்ளதும் வருகிறது. அதே மூடி, இரண்டு மடங்கு மருந்து. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியாக இருக்கும், அதை சிரப் அளவில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

குழந்தைக்கு எடைதான் கணக்கு. ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 16 கிலோ பிள்ளைக்கு 160லிருந்து 240 வரை. 120 மி.கி. சிரப்பில் 5 மி.லி. கொடுத்துவிட்டு "மருந்தே கேக்கல" என்பவர்களுக்கு அளவு பத்தவில்லை என்று அர்த்தம். 250 மி.கி. சிரப்பில் அதே 5 மி.லி. வரம்பைக் கொஞ்சம் மீறிவிடுகிறது. இரண்டு வேளைக்கு நடுவே நான்கு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. கூடவே வருகிற ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள், வீட்டுக் கரண்டி வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டாக்டர் பார்க்கும் முன் நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, அதுதான் உச்சவரம்பு. ஈரல் கோளாறு, மது, மெலிந்த உடம்பு என்றால் வரம்பு இன்னும் கீழே இறங்கும். சளிக்கு, உடம்பு வலிக்கு என்று வாங்குகிற கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் படியுங்கள். கூடிப்போனால் ஈரல் கெடும், முதல் நாள் ஒன்றும் தெரியாது, அதுதான் கொடுமை. தவறி அதிகம் போய்விட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம், மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.


வெயில்வேலை எழுதியது:

எல்லோரும் கிருமிக் காய்ச்சலையே பேசுகிறீர்கள். திறந்த வெளியில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன் நான். உச்சி வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஏதேதோ உளறி, நடை தள்ளாடி, உட்கார்ந்து சரிந்தால் அதைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுக்காதீர்கள். எங்கள் ஆள் ஒருவருக்கு அப்படி ஆனபோது கூட இருந்தவர்கள் மாத்திரை தேடி ஓடினார்கள். நான் குழாயைத் திறந்துவிட்டேன். சட்டையைக் கழற்றி, நிழலில் இழுத்துப் போட்டு, தலையிலிருந்து கால் வரை தண்ணீர், இரண்டு பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தவில்லை. பிழைத்தார். சட்டை வியர்வையில் நனைந்துதான் இருந்தது, அதனால் "வேர்க்குதே, வெயில் அடிச்சிருக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.


இரவுப்பணி எழுதியது:

அண்ணே, ஆம்புலன்ஸில் வருகிற எங்கள் ஆட்களும் இதையேதான் கேட்கிறார்கள்: முதலில் குளிர வை, அப்புறம் ஏற்று. வெப்பத்தாக்கில் ஹைப்போதாலமஸ் எண்ணை மாற்றி வைக்கவில்லை, உடம்பு வெளியே தள்ள முடியாத சூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாராசிட்டமால் அந்த எண்ணைத்தான் இறக்கும், அதனால் இங்கே அதற்கு வேலையே இல்லை. மேலே ஐஸ் வேண்டாம் என்றேனே, அது தொற்றுக் காய்ச்சலுக்கு. வெப்பத்தாக்கில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் கழுத்து வரை இறக்குங்கள், தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையா, இவர் செய்த மாதிரி தண்ணீரும் காற்றும். 104க்கு மேல் சூடு, கூடவே புத்தி தடுமாற்றம், இரண்டும் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இறக்கப் பார்க்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும்.

1980ல் அட்லாண்டாவில் வெப்பத்தாக்கோடு வந்த ஒருவருக்கு 46.5 செல்சியஸ், அதாவது 115.7 இருந்தது. அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அவரைக் காப்பாற்ற முயன்றே இருக்க மாட்டார்கள்.


குட்டிப்புயல்அம்மா எழுதியது:

வலிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகளுக்கு ஒன்றரை வயதில் வந்தது. காய்ச்சல் இருப்பதே எனக்குத் தெரியாது. மடியில் இருந்தவள் விறைத்து, கண் மேலே செருகி, கை கால் வெட்ட ஆரம்பித்தது. என் மாமியார் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கி வைத்துவிட்டு அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், கணவர் மொபைலில் நேரம் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட இருக்காது, நின்றுவிட்டது. ஆனால் அந்த நேரம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை.

பிறகு டாக்டர் விளக்கினார். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு பிள்ளைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருமாம். பெரும்பாலும் மூளைக்கு ஒன்றும் ஆகாதாம். காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே கொடுத்தாலும் இதைத் தடுக்க முடியாது என்றார், அதைக் கேட்டபோது எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

சிஸ்டர், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ் என்று சொன்னார்கள், சரிதானே?


இரவுப்பணி எழுதியது:

சரிதான் அம்மா. முதல் முறை வருகிறது என்றால் ஐந்து நிமிடம் காத்திருக்காமலே கூப்பிடலாம். நின்ற பிறகும் பிள்ளை தெளியவில்லை, ஒரே நாளில் மறுபடி வந்தது, ஒரு பக்கம் மட்டும் வெட்டியது, மூச்சு சீராகவில்லை, இதில் எதுவாக இருந்தாலும் ஆம்புலன்ஸ். கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மருந்துகூட. முடிந்தால் ஒருவர் வீடியோ எடுத்து வையுங்கள், கல் நெஞ்சம் என்று யாரும் நினைக்க மாட்டோம். டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.


தூக்கம்போச்சு எழுதியது:

கடைசியாக ஒன்று. காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம் இல்லையா?


இரவுப்பணி எழுதியது:

பெரும்பாலும் தூங்கலாம். டெங்கு பரவுகிற காலமென்றால் வேண்டாம். டெங்குவில் சிக்கல் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். வீட்டில் "காய்ச்சல் விட்டாச்சு" என்று சந்தோஷப்படுவார்கள், பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கை கால் சில்லென்று ஈரமாக இருப்பது, நிலைகொள்ளாமல் புரள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் தெர்மாமீட்டர் 98.6 காட்டட்டும், கிளம்பிவிடுங்கள். மலேரியா இருக்கிற பகுதிக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. போய் வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்க மறந்தாலும்.

வரும்போது ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவாருங்கள். எடை, எப்போது ஆரம்பித்தது, எந்த இடத்தில் வைத்து எவ்வளவு காட்டியது, கடைசியாக எந்த மருந்து எத்தனை மணிக்கு எத்தனை மி.லி., கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். மருந்து பாட்டிலையே பையில் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது, மூடிக் கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்.


மாத்திரைசீட்டு எழுதியது:

சீட்டு எழுதுகிறவர்கள் நேரத்துக்குப் பக்கத்தில் யார் கொடுத்தது என்றும் எழுதுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் ஒரு வேளை கொடுத்துவிடுவதுதான் நான் அதிகம் கேட்கிற கதை.